பால் லொறியின் இரண்டாம் பாகம்

தீயணைப்புச் சேவைக்கு விண்ணப்பிப்பவருக்கு முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும் என்று சுவிட்சர்லாந்தில் எங்கள் ஊரின் ஒழுங்குவிதி சொல்கிறது. ஐம்பது வயது நிறைந்தவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று அதற்கு முந்தைய பந்தி சொல்கிறது. இந்த இரண்டு பந்திகளுக்கும் நடுவில் அகப்பட்டவர் என் சகலன். அந்தக் கோப்பு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதன்மேல் ஒரு சிறுவர் படத்தின் டிவிடி வட்டு. முன்கண்ணாடியில் இரண்டு கண்கள் வைத்த பால் லொறி ஒன்று, பின்னால் காடு எரிவதைக் கவனிக்காமல், அட்டையிலிருந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

சகலன் என் மனைவியின் தங்கையின் கணவர். எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்து, வில் என்ற நகரில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும் அவருடைய மகள் அந்தப் படத்தைப் போடுவாள். முதல் பாகத்தில் அந்த லொறி ஏதோ பந்தயம் ஓடியதாம். அதை நான் பார்க்கவில்லை. இரண்டாம் பாகத்தில் பால்பண்ணை மூடப்படுகிறது, காடு தீப்பிடிக்கிறது, வேலையிழந்த லொறி தீயணைப்பு நிலையத்து வாசலில் போய் நிற்கிறது. தடிமன் பிடித்து மூக்கடைத்த குரலில் ஜெர்மன் பேசும் ஒரு கிழட்டு ஹெலிகொப்டர் "உள்ளே வா" என்கிறது. பால் தாங்கியில் தண்ணீரை நிரப்புகிறார்கள். லொறி தீயை நோக்கிப் புறப்படுகிறது.

"ஒரு படிவமும் நிரப்பேல்லை, மருத்துவச் சான்றிதழும் குடுக்கேல்லை," என்றேன். இருபத்திரண்டு வருடம் ஒரு நகராட்சி அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு விதமாகப் படம் பார்க்க வராது.

"லொறியிலை ரத்தம் எடுத்தால் டீசல்தான் அண்ணை வரும்," என்றார் சகலன்.

"பெரியப்பா, கதைக்காமல் பாருங்கோ," என்றாள் மகள்.

மகளைவிட அவர்தான் அந்தப் படத்தை அக்கறையாகப் பார்த்தார். அதற்குக் காரணம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடை சுட்ட எண்ணெய் புகைந்து, கட்டிடத்தின் எச்சரிக்கை மணி அடித்து, தலைக்கவசங்களோடு பதினான்கு பேர் மாடியேறி வந்திருந்தார்கள். முன்னால் வந்தவர், காலையில் எங்களுக்குப் பாண் விற்ற பேக்கரிக்காரர். இங்கே சிறிய ஊர்களில் தீயணைப்புப் படை என்பது இப்படி வேறு வேலை செய்பவர்கள் சேர்ந்ததுதான்; அதன் துணைத் தலைவர் அவர். அவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனபின், சகலன் வடைத் தட்டோடு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"ஊரிலை எங்கட வீடு எரியேக்கை ஒருத்தரும் வரேல்லை, அண்ணை. இஞ்ச எண்ணெய் புகைஞ்சதுக்குப் பதினாலு பேர் வந்து நிண்டவை. நானும் ஆரும் ஒருத்தற்றை வாசலிலை ஒருக்கால் அப்பிடிப் போய் நிக்கவேணும்."

அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பேக்கரிக்காரரிடம் கேட்டுப் பார்க்கட்டோ என்றார். "பாண் வாங்கிற இடத்திலை பாணை வாங்கும். இது எழுத்திலை போகவேண்டிய விஷயம்," என்று சொல்லி வேலையை நானே பொறுப்பெடுத்தேன். படிவம் ஒரேயொரு பக்கம். ஒரு பக்கத்தை மட்டும் அனுப்ப யாழ்ப்பாணத்தவனுக்கு மனம் வருமா? பிறப்புச் சான்றிதழ், அதன் உறுதிசெய்த மொழிபெயர்ப்பு, வதிவிட அனுமதி, விவாகப் பதிவு, ஜெர்மன் வகுப்புச் சான்றிதழ்கள் என்று அடுக்கி, கடைசியில் அவர் பதினாறு வயதில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேற்றையும் வைத்தேன். கணிதத்தில் எடுத்த விசேட சித்தி தீயை எப்படி அணைக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

முப்பது நாள் கழிந்தது. ஒரு வருடம் கழிந்தது. இரண்டு நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பினேன். "பொறும், விதியிலை இருக்கு, பதில் வரும்," என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஐம்பது நிறைய நான்கு வாரம் இருக்கையில், எனக்குச் சொல்லாமல் பேக்கரிக்காரரிடம் கேட்டுவிட்டார்.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை மாலை நிலையம் திறந்திருக்கும், வந்து சீருடையைப் போட்டு அளவு பார்த்தால் போதும், வாகனம் ஓட்ட ஆளில்லாமல் இருக்கிறோம் என்றாராம் அவர். பிறகு அந்தப் பேக்கரிக்காரரே நகராட்சியில் விசாரித்தும் பார்த்திருக்கிறார். அவ்வளவு தடித்த கோப்பைக் கண்டு, குடியுரிமை விண்ணப்பம் என்று நினைத்து அந்த வரிசையில் போட்டிருந்தார்கள். அங்கே வருடக்கணக்கில் காத்திருப்பதுதான் வழக்கம். எழுத்தில் ஒரு விண்ணப்பம் பதிவாகிவிட்டதால், அதற்குப் பதில் போகும்வரை படையில் சேர்க்கவும் முடியாது. அந்த விதி எனக்கும் தெரிந்ததுதான்.

சகலன் என் கதவடியில் நின்று ஒன்றுதான் கேட்டார். "அண்ணை, அதுக்கை என்ரை கணக்குப் பாடத்தையும் வைச்சனீங்களோ?"

"ஓம்," என்றேன்.

தலையாட்டிவிட்டு மேலே போனார். சற்று நேரத்தில் மேல்தளத்தின் வழியாக அந்த ஹெலிகொப்டரின் தடிமன் குரல் கேட்டது: உள்ளே வா.

மகளின் படிப்புக்காக அவர்கள் இப்போது ஜெனீவாவில் இருக்கிறார்கள். வீடு மாறும்போது வட்டை என்னிடம் விட்டுப் போனார்கள்; அதைப் போட்டுப் பார்க்க என்னிடம் கருவி இல்லை. கோடையில் காடு காய்ந்தால், நெருப்பு மூட்டத் தடை என்று நடைபாதையில் பலகை வைக்கிறார்கள். தண்ணீர் வண்டி போகும்போது யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்கிறேன். பேக்கரிக்காரரிடம் பாண் மட்டும் வாங்குகிறேன்.

வட்டைத் தூக்கினால் கோப்பின் முதல் தாளாக அந்தப் பதில் இருக்கிறது. ஆர்வத்துக்கு நன்றி, வயதெல்லை காரணமாக ஏற்க இயலவில்லை என்று இரண்டு வரி. கையொப்பம், முத்திரை, மேன்முறையீட்டுக் குறிப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சகலனுக்கு ஐம்பது வயது நிறைந்தது ஒக்டோபர் பதினாறில். கடிதம் வந்தது ஒக்டோபர் பதினேழில்.