பெட்டிக்குள் இரண்டு பேர்

இது நடந்தது. நடக்கவில்லை என்று யாராவது நிரூபித்தால் முதலில் சந்தோஷப்படப்போகிறவர் எங்கள் எதிர்வீட்டுக் கணக்கர்தான். அவர் இதை என் வீட்டுக்காரரிடம் ரகசியமாகச் சொன்னார். என் வீட்டுக்காரரும் பாவம், இரண்டு நாள் என்னிடமிருந்து காப்பாற்றிப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஒரு வார்த்தை கூட்டாமல் சொல்கிறேன். கூட்டுவதற்கு இதில் இடமும் இல்லை.

கணக்கர் ஒரு கம்பெனியில் வரவு செலவு பார்ப்பவர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று. அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவர்களுக்கு ஒரே பிள்ளை. கட்டிடமே அவனை வாண்டு என்றுதான் கூப்பிடும். அழைப்புமணியை அடித்துவிட்டு ஓடுவான், பிடிபட்டால் நம்மையே 'யாரு வேணும்?' என்று கேட்பான். ஐந்து வயதில் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சுவரில் ஒரு படம் கிடையாது. போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டால் தாங்காது என்று கழற்றிவிட்டார்கள். அவன் படங்கள் எல்லாம் ஒரு கறுப்புப் பெட்டியில் இருந்தன. செருப்பு டப்பா அளவு இருக்கும். கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசுகிற சேமிப்புப் பெட்டி. அதன் நெற்றியில் ஒரு சின்னத் திரை, உள்ளே எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று எண் காட்டும். மனைவி சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் புடவைகூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். பிள்ளையை அரைமணி நேரம் பார்ப்பாள். அப்புறம்தான் அடுப்பு, வீடு, புருஷன் எல்லாம்.

இந்த நிலையில்தான் கணக்கர் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினார். கம்ப்யூட்டர் 'புதுப்பிக்கவா, புதுப்பிக்கவா' என்று தினமும் நச்சரித்தது. சரி, தொலை என்று ஒரு தட்டுத் தட்டினார். புது சிஸ்டம் ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. பெட்டி போயிற்று.

'அணுக முடியவில்லை' என்றது திரை. எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். "ரெண்டாவது தடவையா அவனைத் தொலைச்சுட்டீங்க" என்றாளாம், அவ்வளவுதான். அதோடு பேச்சு நின்றது. ஜிப் போட்ட ஒரு பை அவர்கள் வாசல் பக்கம் வந்து உட்கார்ந்தது. யார் எங்கே கிளம்பப்போகிறார்கள் என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். மனைவிக்கு அன்றும் கடை. அவள் திரும்புவதற்குள் பிள்ளையைத் திரையில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று கணக்கர் சாப்பிட்ட கை காய்வதற்குள் உட்கார்ந்தார். பெட்டியை விற்ற கடைக்காரரை போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"கேபிளை மாத்திப் பாத்தீங்களா அண்ணே?"

"மாத்தியாச்சு."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"எத்தனை தடவைப்பா? பெட்டிக்கே அலுத்துப்போச்சு."

"பெட்டிக்கு பாஸ்வேர்ட் ஏதாச்சும் வெச்சீங்களா?"

"நீதானே வேணாம்னே! வீட்டுக்குள்ள யாரு வரப்போறான்னு சொன்னியே."

கடைக்காரர் கொஞ்சம் இருமினார். "அதுதான் இப்ப வினை. பழைய சிஸ்டம் வெகுளி அண்ணே, கதவு திறந்திருந்தா உள்ள போயிடும். புதுசு கெடுபிடி. யாருன்னே கேக்காம எல்லாரையும் 'கெஸ்ட்'னு உள்ள விடுற பெட்டிய அது நம்பாது."

"இப்ப பாஸ்வேர்ட் போட்டுட்டா?"

"அதைப் போடுறதுக்கு பெட்டியோட மெயின் பாஸ்வேர்ட் வேணும். ஞாபகம் இருக்கா?"

கம்பெனிக் கணக்கு முழுவதையும் தலையில் வைத்திருப்பவருக்கு அது மட்டும் ஞாபகம் இல்லை.

"அப்ப ஒரே வழிதான். கெஸ்ட்டா போனா பரவாயில்லன்னு கம்ப்யூட்டர்ல அனுமதி குடுங்க. காப்பி எடுத்ததும் உடனே மூடிடுங்க. திறந்து போட்டுட்டு இருக்காதீங்க."

அவர் சொல்லச் சொல்ல, கணக்கர் தேடிப்பிடித்து அந்த அனுமதியைக் கொடுத்தார். 'பெயர் தெரியாதவர்களோடு இணையப்போகிறீர்கள்' என்று திரை எச்சரித்தது. சரி என்று தட்டினார்.

பெட்டிக்குள் 'கிர்...' என்று ஒரு சத்தம்.

கதவு திறந்துவிட்டது. கணக்கருக்குக் கண் கலங்கியது. நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தார். அதன் நெற்றியில் எண் 1 இருக்க வேண்டும். 2 என்று இருந்தது.

"உங்க டிவியா இருக்கும், போனா இருக்கும்" என்றார் கடைக்காரர். டிவியை அணைத்தார். போனில் வைஃபையை நிறுத்தினார். 2. மோடத்தின் வைஃபையையே நிறுத்தினார். 2.

"எதிர்வீட்டுல யாராச்சும் எட்டிப் பாக்குறாங்களோ என்னவோ" என்று கடைக்காரர் சிரித்தார். நான் அடுத்த வீட்டு ஜன்னல் வரைக்கும்தான். பெட்டிக்குள்ளெல்லாம் போகிற பழக்கம் எனக்கில்லை.

போகட்டும் என்று கணக்கர் படங்களைத் திறக்கப்போனார். கட்டம் கட்டமாகச் சின்னப் படங்கள். ஒவ்வொன்றிலும் நகத்தளவு வாண்டு. மூன்று சக்கர சைக்கிளில் வாண்டு. அம்மா மடியில் வாண்டு. பொக்கை வாயோடு கைக்குழந்தை வாண்டு.

சைக்கிள் படத்தைத் தட்டினார். பெரிதாகத் திறந்தது.

சைக்கிள் இருந்தது. அதன் மேல் யாரும் இல்லை.

வேறு படம் திறந்துவிட்டது போலிருக்கிறது என்று மூடினார். சின்னப் படத்தைப் பார்த்தார். அதிலும் இப்போது வெறும் சைக்கிள்தான்.

அம்மா மடிப் படத்தைத் தட்டினார். மனைவி குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வளைந்து... காற்றை அணைத்திருந்தன.

இன்னொன்று. அவரே நிற்கிறார். தோளுக்கு மேலே அவர் கைகள் இரண்டு சின்னக் கால்களைப் பிடித்திருக்க வேண்டும். விரல்கள் மூடியிருந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. திறந்தால் போய்விடுகிறான்.

கையை எடுத்துக்கொண்டார். எதையும் தொடவில்லை.

'கிர்... கிர்...'

முதல் வரிசையின் நாலாவது படம் தானாக மாறியது. வெறும் கட்டில்.

ஐந்தாவது. வெறும் ஊஞ்சல்.

ஆறாவது...

உள்ளே இருந்த இன்னொருவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல். வரிசை தப்பாமல்.

"பவரைப் பிடுங்கட்டுமாப்பா?"

"ஐயோ வேணாம் அண்ணே! ஓடும்போது பிடுங்கினா டிஸ்க்கே போயிடும். எல்லாப் படமும் போயிடும்!"

பவரை விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த கேபிளை உருவினார்.

எண் குறைந்தது. 1.

அந்த ஒன்று அவர் இல்லை.

'கிர்... கிர்...' கேபிள் இல்லாமலே திரையில் வரிசைகள் காலியாகிக்கொண்டே வந்தன.

பவரைப் பிடுங்கினார்.

சத்தம் நின்றது.

வாண்டு இருந்த படம் ஒன்றே ஒன்று மிச்சம்.

எங்கள் கட்டிடத்துப் படிக்கட்டு. வாண்டு முதுகு காட்டி ஏறுகிறான். ஒரு கை மேலே தூக்கியிருக்கிறது, பெரியவர் யாரோ பிடித்து நடத்திப் போவதுபோல. பிடித்தவர் படத்துக்கு வெளியே.

இந்தப் படத்தைக் கணக்கர் எடுத்ததே இல்லை.

வாசலில் சாவி திரும்பியது.

மனைவி கைப்பையை வைத்தாள். திரையைப் பார்த்தாள். அந்த ஒரு கட்டத்தில் அவள் கண் நின்றது.

"திறக்காத" என்றார். கோர்வையில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்தாள்.

"நகருங்க."

"வேணாம்மா. இருக்கிறது இது ஒண்ணுதான்..."

"நகத்தளவுல இருக்கான். எம்பிள்ளை மூஞ்சிய நான் பாக்க வேணாமா?"

பெட்டியில் உயிர் இல்லை. படம் திறந்திருக்கவே கூடாது.

திறந்தது.

படிகள். வெறும் படிகள்.

அவள் திரையில் அந்தப் படிகளை விரலால் தொட்டாள். "கூப்பிட்டா திரும்புவான்னு நெனச்சேன்."

மறுநாள் காலை பையைப் பிரித்து, துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாளாம். எங்கே போனாலும் அவன் இருக்கப்போவதில்லை. அப்புறம் எதற்குப் போவது?

கடைக்காரர் நேரில் வந்தார். பெட்டிக்கு மறுபடி உயிர் கொடுத்து நெடுநேரம் பார்த்தார். டிஸ்க் பழுதில்லை. படங்களை யாரும் அழிக்கவில்லை, திருத்தவும் இல்லை. எல்லாவற்றிலும் எடுத்த நாளின் தேதி அப்படியே இருந்தது. வந்ததிலிருந்து அவர் ஒரு சிரிப்பும் சிரிக்கவில்லை. "எடுத்த அன்னிலேர்ந்தே இந்தப் படங்கள்ல யாரும் இல்ல அண்ணே" என்றார். பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போகச் சொன்னதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அந்த வாரக் கடைசியில் கணக்கரின் மச்சினி போன் செய்தாள். வேறு ஊரில் இருக்கிறாள். சுவரிலிருந்து கழற்றிய படங்களைப் பழைய புடவையில் சுற்றித் தன் பீரோவில் வைத்திருந்தவள் அவள்தான். காகிதத்தில் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்த படங்கள். எந்த கேபிளும் அவற்றைத் தொட்டதில்லை.

"மாமா... அக்கா பக்கத்துல இருக்காளா?"

"இல்ல. சொல்லு."

"துணி எடுக்கும்போது புடவை அவுந்துடுச்சு. எல்லாப் படத்தையும் பாத்தேன், மாமா. நீங்க இருக்கீங்க, அக்கா இருக்கா..."

என் போனிலும் ஒரு படம் இருக்கிறது. எங்கள் வீட்டு சோபாவில் ஏறி நின்று நாக்கை நீட்டுகிறான். திறக்காமல் மேலே தள்ளிக்கொண்டு போனால், கட்டங்களுக்கு நடுவில் சின்னதாகத் தெரிகிறான். இன்று காலையும் தெரிந்தான். அவன் அம்மா தினமும் படியில் என்னைக் கடந்துதான் வேலைக்குப் போகிறாள். அவளிடம் நான் சொல்லவில்லை.

சொன்னால் திறந்துவிடுவாள்.