சண்முகத்தாய் வாங்கிய மார்க்

சண்முகத்தாய் வாயைத் திறந்தால் தறிச்சத்தம் அடங்கிப்போகும். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற சங்கையாவின் தறிக்கூடத்தில் அவளுக்குச் சமமாகத் தறி ஓட்ட ஆளில்லை. அதை அவளே தினமும் சொல்லிக்கொள்வாள், பொய்யுமில்லை. சிறு வயதில் வந்த வலிப்பு, மாத்திரையால் அடங்கிக் கிடந்தது. தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஆடி மாசம், ஓடுகிற தறியோரம் வெட்டி இழுத்து விழுந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் இழுத்துப் போட்டதால் கை தப்பியது.

சங்கையா நல்ல மனுஷன், பயந்த மனுஷனும்கூட. "டாக்டரம்மா எழுதிக் குடுக்கட்டும் தாயி. அதுவரைக்கும் துணி மடி" என்று நகர்த்திவிட்டார். துணி மடிக்கிற வேலை அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. தறியை விட்டு ஒரு நாள்கூட அவளால் இருக்க முடியவில்லை.

டாக்டர் சௌந்தரவல்லி அவளிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் மதுரை லேபுக்கு பஸ்ஸில் அனுப்பினார். ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று அங்கே அளந்து சொல்வார்கள். பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் இருக்க வேண்டியது, நாலுதான் இருந்தது.

"மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?"

"விட்டதே இல்ல டாக்டரம்மா. விரதத்தன்னிக்கு மட்டும் பல்லுல பச்சத் தண்ணி படாது."

செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"விரதமிரு, மாத்திரையை விடாதே. அடுத்த மாசம் ரத்தம் பார்ப்போம். சரியா இருந்தா எழுதித் தர்றேன்."

அவள் காதில் பரீட்சை என்று விழுந்துவிட்டது. நாலு மார்க் வாங்கிய அவமானம் வேறு. மறுபடி ரத்தம் எடுப்பதற்கு முந்தின வாரம் முழுக்க, விருந்தாளி வருகிற வீட்டை மெழுகுகிற மும்முரத்தோடு கூடுதலாக மாத்திரை போட்டாள். நடை தள்ளாடியது.

"ஏட்டி, நேரா நட" என்றான் புருஷன் குருசாமி.

"ரோடு கோணலாக் கெடக்கு, நான் என்ன செய்ய?"

ரிசல்ட் முப்பத்திரண்டு என்று வந்தது. "இருபதையே தாண்டிட்டேன்" என்று அவளுக்கு முகமெல்லாம் பல். டாக்டர் சிரிக்கவில்லை.

"இந்த மருந்து உனக்கு அதிகம். குறைச்சு எழுதுறேன். தறிப் பேச்சே இப்போ வேண்டாம்."

அவளுக்குப் பகீரென்றது. குறைத்துப் போட்டுத்தானே அன்றைக்கு விழுந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"செத்த நேரம் பேனாவ வைங்க டாக்டரம்மா. மார்க் கூட வரட்டும்னு ஒரு வாரமா ரெண்டு பங்கு போட்டேன்."

டாக்டர் திகைத்துப்போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"நல்லவேளை சொன்னே. இதை நம்பிக் குறைச்சிருந்தா திரும்பவும் விழுந்திருப்பே. அடுத்த பரீட்சைக்குத் தயவுசெய்து படிக்காம வா."

கார்த்திகையில் எடுத்த ரத்தத்தில் பதினாலு இருந்தது. அதுவரை வலிப்பும் எட்டிப் பார்க்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததை ரிசல்ட்டோடு சங்கையாவிடம் நீட்டினாள். அவர் முகம் வாடியது.

"பதினாலுதானா? பெயிலாயிட்டியே தாயி."

"நாலு வாங்கினா விழுந்துருவேன் மொதலாளி. முப்பத்திரண்டு வாங்கினா ரோட்டுல ஆடுவேன். பதினாலு வாங்கினவதான் தறி ஓட்டுவா."

சங்கையா போய் அவளுடைய தறிக்குச் சுவிட்சைப் போட்டார். சண்முகத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து அவள் வயிற்றுக்குள் போனது ஒரு மாத்திரையும் ஒரு மடக்குத் தண்ணீரும்தான்.