ஒரு பெட்டி குண்டு மிளகாய்

யாரிடம் பேச வாயெடுத்தாலும் வீரலட்சுமி முதலில் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். தண்டட்டி இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். தூரத்தில் எங்கேயாவது கல்யாண வீட்டு மைக் செட்டு பாடத் தொடங்கினால் போதும், கை தானாகக் காதுக்குப் போய்விடும்.

காரணம் இருக்கிறது. சிக்கல் கிராமத்தில் அவள் புருஷன் குருநாதனைப் போல மிளகாய் விவசாயம் பார்க்க ஆள் கிடையாது; அவரைப் போல மொய்க்கு உருகவும் ஆள் கிடையாது. பந்தல் மைக்கில் தன் பெயரும் தொகையும் கேட்டால் மனுஷனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். அந்த நிமிர்வுக்காகத் தண்டட்டி அடகுக் கடைக்குப் போகும். மிளகாய் விற்றதும் திரும்பி வரும், பாதி வெள்ளாமையை வட்டிக்குக் கொடுத்துவிட்டு. அந்த மாதங்களில் வீரலட்சுமி குழம்புக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போடுவாள். "ஏ புள்ள, கடலையே மோந்தாந்து ஊத்திட்டியா?" என்பார் குருநாதன். கவலை யாரால் வந்தது என்று மட்டும் கேட்க மாட்டார்! கடன் வாங்கி மொய் செய்த வீட்டில் அவளுக்குச் சோறும் இறங்காது. பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவாள்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. களத்தில் காய்ந்த மிளகாய் வீட்டுச் செலவுக்கே இழுபறி. அந்த நேரம் பார்த்துத்தானா கடலாடியில் பங்காளி முத்துராமலிங்கம் மகளுக்குக் கல்யாணம் வர வேண்டும்! குருநாதன் மெல்ல அவள் காதைப் பார்த்தார்.

"பாக்காதீக. இந்தத் தடவை போச்சுன்னா மூழ்கிரும். மீட்க எங்கன இருக்கு காசு?"

"நம்ம வீட்டு விசேஷத்துக்கு அவுக செஞ்சிருக்காகல்ல? வெறுங்கையோட போயி அவுக மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"வெறுங்கையோட யாரு போகச் சொன்னா? இருக்கிறதைக் கொண்டு போவோம். மிச்சத்தை வெளைஞ்சதும் செய்வோம். நான் சொல்லிக்கிறேன், நீங்க பேசாம வாங்க."

களத்தில் உட்கார்ந்து வெளுத்துப்போன சோடையைக் கழித்து, நல்ல குண்டு மிளகாயாகப் பொறுக்கி ஓலைப் பெட்டியை நிரப்பினாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

கல்யாணப் பந்தலில் மொய் வாசிப்பவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதை எப்படி ஆத்தா வாசிக்கிறது?"

"இருக்கிறபடி வாசிங்க. சிக்கல் குருநாதன் வீடு, ஒரு பெட்டி குண்டு மிளகாய். பாக்கி வெள்ளாமைக்குப் பெறகு வரும்னும் சேத்துச் சொல்லுங்க."

அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கல்யாண வீட்டுக்காரரைத் தேடினார். வீரலட்சுமி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வேறு வழியில்லாமல் வாசித்தார். பந்தலில் சிரிப்பு எழுந்தது. அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, அவளும் மனுஷிதானே. கை காதுக்குப் போனது. இரண்டும் இருந்தன.

குருநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தல் ஓரமாக நழுவப் பார்த்தார்.

"எங்கன போறீக? பந்தி போட்டாச்சு."

கையைப் பிடித்து இழுத்து, ஆண்கள் பந்தி பெண்கள் பந்தி என்று பாராமல் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அவர் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல் இலையை மடிக்கப் போனார். வீரலட்சுமி அந்த இலையைப் பிரித்து நீவிவிட்டு, சோற்று வாளியோடு போனவரைக் கூப்பிட்டாள்.

"இங்கன வாங்க. ரெண்டு இலைக்கும் வைங்க."