காக்கா எழுதிய 'டாம்ப்'

மாரி மழை விடாத ஒரு காலையில், மீன் விற்க வந்த கிண்ணியாக்காரர் சைக்கிளை நிறுத்தாமலே சொன்னார்: "ஜுனைதீன் காக்கா மௌத்தாகிட்டார். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, கிண்ணியாவுக்கு வள்ளமேற இறங்குதுறைக்கு ஓடினேன். துறைமுகத்துக் கோதுமை மா ஸ்டோரில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து கிளாக்கர் வேலை பார்த்தவன் நான். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில் அங்கே எல்லோருக்கும் அவர் காக்கா; அவரைத் தெரியாதவர் இல்லை. அவரை வெறுத்தவர்களும் இருந்தார்கள். ஏன் என்று அறியாத அவர் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஸ்டோரில் ஈரலிப்புக்கு இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், சுதந்திரத்துக்குப் பிறகும் மாறவில்லை. மூட்டை அடுக்கில் வெண்கட்டியால் 'மொயிஸ்ட்' என்று எழுதினால், மாவை வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாம். 'டாம்ப்' என்று எழுதினால் கடலுக்குத்தான். எழுதும் பொறுப்பு காக்காவுக்கு. முழங்கை வரை மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி மாவை இறுக்கி எடுத்து, விரல்களை விரிப்பார். உதிர்ந்தால் நல்ல மா. பிடித்த பிடியாகவே இருந்தால் மூக்கருகே கொண்டுபோவார். புளித்த மணம் வந்தால் அதற்குமேல் பேச்சில்லை.

வேலை இல்லாத நேரத்தில் அகராதியோடு இருப்பார். "இது முதல்ல ஈரமே இல்லை, தெரியுமோ?" என்று ஒருநாள் தொடங்கினார். 'டாம்ப்' ஒல்லாந்துப் பக்கத்துச் சொல்லாம். ஆவி என்று பொருளாம். இங்கிலீஷ்காரன் அதைச் சுரங்கத்துக்குள் மூச்சை அடைக்கும் நச்சுக் காற்றுக்குப் பெயராக வைத்தானாம். ஒருவனுடைய உற்சாகத்தைக் கெடுப்பதற்கும் அதே சொல்தானாம். ஈரம் என்ற பொருள் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டதாம்.

"ஒல்லாந்தன் இங்க கோட்டையோட இதையும் விட்டிட்டுப் போனானாக்கும்" என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஆளைக் கொல்லுற காத்துக்கு வச்ச பேரைத்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறன்" என்றார்.

எழுபதுகளில் மாத் தட்டுப்பாடு வந்து, பேக்கரிப் பாணுக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு மறந்திருக்காது. அப்போது வந்த ஒரு கப்பலின் அடித்தட்டில் கடல்நீர் புகுந்திருந்தது. ஓர் அடுக்கு மா முழுவதும் நனைந்துவிட்டது. மூட்டை தூக்கும் சிவலிங்கம் காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொயிஸ்ட் எண்டு எழுதுங்கோ காக்கா. நாங்கள் காயவைக்கிறம். வீட்டில மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொண்டுமில்லை."

காக்கா மறுபடியும் கையை விட்டுப் பார்த்தார், நடுவிலும் அடியிலும். "ஏலாது சிவலிங்கம். பிள்ளையள் தின்னுற சாமான்" என்றார். 'டாம்ப்' என்று எழுதினார். மாவை வள்ளங்களில் ஏற்றி வெளிக்கடலில் கொட்டினார்கள். கரையில் நின்ற பெண்கள் அவரைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார்கள். அன்று அவர் வீட்டிலும் கிழங்குதான்.

சில வருடங்கள் கழித்து, எல்லோருக்கும் முன்னால் சிவலிங்கம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதில ஒரு மூட்டையை ஒளிச்சு வீட்ட கொண்டுபோனனான் காக்கா. ரொட்டி சுட்டுத் திண்டம். ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை." காக்காவின் முகம் செத்துப்போயிற்று. பிறகு அவர் அகராதியைத் தொட்டதை நான் காணவில்லை.

"அப்ப நான் கொட்டுவிச்சது நல்ல மாவையோ?" என்று என்னிடம் கேட்பார்.

"ஓரத்து மூட்டை தப்பியிருக்கும். நடுவில இருந்தது பழுதுதானே" என்பேன்.

"அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்பார். ஓய்வுபெற்று, கந்தளாயில் மகள் வீட்டில் இருந்தபோதும் அதே கேள்விதான். எனக்கு எரிச்சல் வரும். ஒரு மனிதன் தன்னையே இவ்வளவு காலம் விசாரித்துக்கொண்டிருப்பானா?

மையவாடியில் தூறிக்கொண்டிருந்தது. சிவலிங்கமும் வந்திருந்தார். ஆளாளுக்குப் பிடி மண் போட்டார்கள். அவருடைய முறை வந்தபோது மண்ணை அள்ளி, இறுக்கி, விரல்களை விரித்தார். மண் பிடித்த பிடியாகவே இருந்தது. அதை மெல்லக் குழிக்குள் விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ரொட்டி கசந்தது அண்ணை" என்றார். "பிள்ளையளுக்கு வயித்தால போய், பிழைச்சது பெரும்பாடு. காக்காவை மடக்க வேணும் எண்டுதான் ஒண்டும் ஆகேல்லை எண்டு சொன்னனான்."

எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. அவரோ அழுதுகொண்டிருந்தார்.

காக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். பதிலும் இப்போது என்னிடம் இருக்கிறது. கேட்க அவர் இல்லை.