குகதாசனின் கை

குகதாசனுக்கு வாயைவிடக் கை முந்தும். அதைச் சொல்லாமல் அந்த மனிதரைப் பற்றி எதைச் சொன்னாலும் அரைகுறைதான். பதினொரு வயதில், வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருந்தவனின் மூக்கை உடைத்தார். பத்தொன்பது வயதில், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கிடக்கும் தன் சின்னத் தீவிலிருந்து வெளிக்கிட்ட படகில், இருக்க இடம் தரவில்லை என்று ஒருவனைக் கடலுக்குள் தள்ளினார். நல்ல காலம், அவனுக்கு நீந்தத் தெரிந்திருந்தது. ஒஸ்லோவின் இத்தனை குளிரிலும் அந்தக் கைச்சூடு ஆறவில்லை. மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு பேர்கன் நகரத்துக்குப் போய்ப் பதினாறு வருடம். ஒரேயொரு அடிதான் அடித்தேன் என்று குகதாசன் சொல்வார். அவள் எண்ணி வைத்திருக்கும் கணக்கு வேறு.

அவரை நோர்வேக்கு எடுப்பித்தவர் அக்கா பூமணி. தீவில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு வட்டாரம், இடையில் ஒழுங்கை என்று ஒரு ஒடுங்கிய மணல் பாதை. மேற்கில் பிறந்த பூமணி கிழக்கில் பிறந்த யோகலிங்கத்தைக் கட்டியவர். யோகலிங்கம் மச்சினனைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். முதல் மூன்று வருடம் குகதாசன் சாப்பிட்டதும் படுத்ததும் அவர்கள் வீட்டில்தான்.

ஒழுங்கை ஊரிலேயே நின்றுவிட்டது. ஆனால் தீவாரின் சங்கம் ஒஸ்லோவில் விளையாட்டுப் போட்டி வைத்தால் கரப்பந்தாட்டம் கிழக்குக்கும் மேற்குக்கும்தான். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு இறுதியாட்டத்தில் யோகலிங்கம் நடுவர். குகதாசன் ஓங்கி அடித்த கடைசிப் பந்து கோட்டுக்கு வெளியே என்று அவர் கையைக் காட்டினார். வெட்கக்கேடு, ஒரு பந்து! குகதாசன் வலைக்குக் கீழே குனிந்து வந்து, அத்தானின் முன்பற்கள் இரண்டையும் உதிர்த்தார். நோர்வே நீதிமன்றம் நாற்பத்தைந்து நாள் சிறை கொடுத்தது. அக்கா கொடுத்தது இருபத்தைந்து வருடம். அன்றைக்கே சங்கம் இரண்டாகப் பிளந்தது. அதன்பிறகு தீவார் ஒருவரின் செத்த வீட்டுக்குக்கூடப் பாதிச் சனம்தான் போனது.

இதையெல்லாம் கேள்விப்பட்டு மனம் நொந்தவர், திருச்சியிலிருந்து ஆராய்ச்சி வேலைக்கு வந்த வைத்தியநாதன். ஒஸ்லோவில் இந்தியத் தமிழ்க் கலைக்கழகத்தின் தலைவர் அவர். கோடை விழாவுக்கு இரண்டு சங்கத்தையும் அழைத்தார். ஒருவர் மண்டபத்து வாசற்படியை மற்றவர் மிதித்தால்தானே மானம் போகும்? இந்தியாக்காரரின் விழாவுக்கு யாரும் போகலாம். மனிதர் அறிந்தோ அறியாமலோ சரியான இடத்தில்தான் கை வைத்தார்.

பூமணி அவரிடம் தம்பிக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பினார். "கையை வீட்டிலை வைச்சுப்போட்டு வாறதெண்டால் வரட்டும். வந்தால் நான் கதைப்பன்."

அந்த வசனத்தை குகதாசன் ஒரு மாதமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஐம்பத்தாறு வயது. பஸ் ஓட்டுகிற வேலை முடிந்து வந்தால் கதவைத் திறந்து 'வந்தாச்சோ' என்று கேட்க ஒரு சீவன் இல்லை. அக்கா மட்டும்தான் மிச்சம்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. பியோர்ண்டால் மைதானத்தில் கிழக்கார் ஒரு பக்கம், மேற்கார் மறுபக்கம் பாய் விரித்து இருந்தார்கள். சாம்பாருக்குள் இனிப்புப் போட்டிருக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் முகத்தைச் சுளித்தன. இருபத்தைந்து வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். பூமணி எழும்பி, மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து, தம்பியின் தட்டில் ஒரு வடையை வைத்தார்.

"மெலிஞ்சு போனாய்" என்றார். குகதாசன் அந்த வடையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அக்காவிடம் நீட்டினார்.

அப்போதுதான் வைத்தியநாதன் ஓடி வந்தார். "சார், உறியடி ஆரம்பிக்கப் போறோம். நல்ல உயரமா இருக்கீங்க, நீங்கதான் முதல்ல. அப்புறம் அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர்."

கயிற்றில் தொங்கிய பானையைப் பார்த்ததும் குகதாசனுக்குத் தன் ஊரில் பானையை உடைக்கும் முட்டி உடைத்தல் விளையாட்டுத்தான் தெரிந்தது. தீவில் கண்ணைக் கட்டிக் கம்பைக் கையில் கொடுத்தால் ஒருவரும் கிட்டப் போகமாட்டார்கள், தொடமாட்டார்கள். தூர நின்று கத்துவார்கள், அவ்வளவுதான். திருச்சிப் பக்கத்து உறியடியிலோ அடிக்க வருகிறவன் முகத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் அடிப்பதும், பானையை மேலே இழுத்து ஏமாற்றுவதும்தான் விளையாட்டே. அதை இவருக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்தியநாதனுக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று இவருக்கும் தோன்றவில்லை.

கண்ணைக் கட்டி மூன்று முறை சுற்றிவிட்டார்கள். நாலடி வைத்திருப்பார், பளாரென்று முகத்தில் தண்ணீர். மூச்சுத் திணறியது. கம்பை வீசினார். பானை மேலே போய்விட்டது. முதுகில் இன்னொரு வாளி. இரண்டு பக்கமும்தான் சிரித்தது. குகதாசனுக்குக் கேட்டதோ கிழக்குப் பக்கச் சிரிப்பு மட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பை நோக்கி நடந்தார். அங்கே பாயில் குழந்தைகள் இருந்தார்கள்.

யோகலிங்கம் எழும்பி ஓடி வந்து அவருடைய தோளைப் பிடித்தார்.

"தாசன், நில்லடாப்பா. நான் அத்தான்."

கம்பு இறங்கியது. உடைந்தது பானை இல்லை என்பது அந்தச் சத்தத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யோகலிங்கம் முழங்காலில் விழுந்து, பிறகு பக்கவாட்டில் சரிந்தார். காதுக்கு மேலே மண்டை பிளந்து, இரத்தம் புல்லில் கொப்பளித்தது.

அதன்பிறகு நடந்ததை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. கிழக்கார் எழும்பினார்கள், மேற்கார் எழும்பினார்கள். பிளாஸ்டிக் கதிரை பறந்தது. கொதிக்கிற சாம்பார் வாளி ஒருவரின் காலில் கவிழ்ந்தது. பேரப்பிள்ளை கண்ட மனிதர்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். இருபத்தைந்து வருடம் அடக்கி வைத்ததெல்லாம் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தது. நடுவில் பூமணி, புருஷனின் தலையை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் காயத்தை அழுத்திக்கொண்டு இருந்தார்.

பொலிஸ் வந்தது, அம்புலன்ஸ் வந்தது. வைத்தியநாதன் அழுதுகொண்டே பொலிஸ்பெண்ணுக்கு விளக்கினார். இது எங்கள் விளையாட்டு, அவர் கண் கட்டியிருந்தது, தண்ணீர் ஊற்றுவோம் என்று சொல்லாமல் விட்டது எங்கள் பிழை. மேற்கார் ஓம், அப்படித்தான் என்றார்கள். உதடு கிழிந்த கிழக்கார் ஒருவரே, கண் கட்டியவனுக்கு என்ன தெரியும் என்றார். பொலிஸ்பெண் விபத்து என்று எழுதினாள்.

யோகலிங்கத்தை ஏற்றினார்கள். பூமணி அம்புலன்ஸ் படியில் ஒரு காலை வைத்தபடி தம்பியைக் கூப்பிட்டார்.

"எடேய், அவர் தன்னை ஆரெண்டு சொன்னவரோ?"

"சொன்னவர்."

"உனக்குக் கேட்டதோ?"

இல்லை என்று ஒரு சொல் போதும். மைதானமே அவருக்காக அதைச் சொல்லி முடித்திருந்தது. அக்கா திரும்பக் கிடைப்பார்.

"கேட்டது அக்கா," என்றார் குகதாசன். "கேட்ட பிறகுதான் அடிச்சனான்."

பூமணி கையை ஓங்கி அவருடைய கன்னத்தில் அறைந்தார். புருஷனின் இரத்தம் தம்பியின் முகத்தில் அப்பியது.

"எனக்குச் சொன்னதை அந்தப் பொலிஸ்பிள்ளைக்கும் சொல்லு. சொல்லிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு வா. அவர் கண் முழிச்சால் அவருக்கும் நீதான் சொல்லவேணும்."

அம்புலன்ஸ் போய்விட்டது. குகதாசன் பொலிஸ்பெண்ணிடம் போய், தனக்குத் தெரிந்த நோர்வே மொழியில், குரல் யாருடையது என்று தெரிந்துதான் அடித்தேன் என்றார். அவள் எழுதியதை வெட்டிவிட்டு மறுபடி எழுதினாள். எழுதி முடித்ததும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, அக்கா வரச் சொன்னவர் என்று கேட்டார்.

அவள் இல்லையென்று தலையாட்டி, காரின் பின்கதவைத் திறந்தாள்.