கன்னிச்சாமியின் பாவாடை

எங்கள் வீட்டுச் சாமிக்கு வயது எட்டு. அப்பாவின் தங்கை அவள். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னிச்சாமியாகக் கும்பிடுவது திண்டுக்கல் பக்கம் எங்கள் சனத்தில் வழக்கம். அவளுக்கென்று ஒரு மூங்கில் பெட்டி. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதைத் திறந்து புதுப் பாவாடை வைப்போம். எனக்குப் பொங்கலுக்கு ஏதோ கிடைத்த துணி, சாமிக்கு மட்டும் சின்னாளப்பட்டி சுங்குடி! அவள் பேரைக் கேட்டாலே எனக்கு எரியும்.

எனக்கு எட்டு வயதான வருஷம், வழக்கமாகத் தைக்கும் டெய்லர் ஊரைவிட்டுப் போய்விட்டார். புது டெய்லர் அளவு கேட்டார். பூஜைக்கு முன் பெட்டியைத் திறந்து பழைய பாவாடையை எடுக்கக் கூடாது. அப்பாவின் அக்கா, என் அத்தை, யோசிக்கவே இல்லை.

“அதான் இவ இருக்காள்ல, அதே வயசுதான” என்று என்னை நிறுத்தி அளவெடுக்கச் சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பூஜை பட்டப்பகலில்தான் நடந்தது. வழக்கமாக அத்தை மேல் சாமி வந்தால் தண்ணீர் கேட்கும், கொஞ்சம் அழும், மலையேறிவிடும். அன்று பாவாடையைத் தடவித் தடவிப் பார்த்தது. நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த அத்தையின் வாயிலிருந்து, என் வயதுப் பிள்ளையின் குரல் வந்தது.

“இது என் அளவு இல்லயே. யாரு அளவு?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“இவளா? வெளையாட ஆளே இல்லாமக் கெடந்தேன். கூட்டிட்டுப் போகவா?”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குப் பயமே வரவில்லை. எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தி முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சாமி முன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்காத அம்மா, பாவாடையை வெடுக்கென்று பிடுங்கினாள். வளர்கிற பிள்ளைகளுக்கு அடியில் மடித்துத் தைப்பார்களே, அந்த மடிப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். பாவாடை நாலு விரல் நீண்டது.

“இந்தா தாயி, நல்லாப் பாரு. இது ஒன் அளவு. என் புள்ள அளவு இல்ல. நீ மூத்தவ, அவ சின்னப்புள்ள. அவள விட்ரு.”

அத்தை அதை இடுப்பில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

“நான் வளந்துட்டேனா?” என்று கேட்டார். அப்படியே சாய்ந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு டெய்லரிடம் அம்மாதான் போனாள். நான் வளர வளரச் சாமியும் வளர்ந்தாள், எப்போதும் என்னைவிட நாலு விரல் கூடுதலாக. தாவணி அவளுக்குத்தான் முதலில் வந்தது, பட்டுச்சேலையும் அப்படித்தான். பெத்த மகளை விட்டுவிட்டுச் செத்தவளை வளர்க்கிறாயே என்று நான் அம்மாவோடு சண்டை போடாத தை மாதம் கிடையாது. அம்மா பெட்டியில் வைப்பதற்கு முன் சாமியின் துணியை என் இடுப்பில் பிடித்துப் பார்ப்பாள். அது தரையில் புரண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். எனக்கு வந்ததெல்லாம் பொறாமைதான்.