ராய்ஸ் டிட்வெல்லை வீட்டுக்கு அனுப்பியவள்

ராய்ஸ் டிட்வெல் எங்கள் மேற்குக் கன்சாஸுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் எம்.பி.யாக இருந்தார். அதில் பத்தொன்பது ஆண்டுகள் ஷோன்ஃபெல்ட் ஊரில் இருந்த அவருடைய அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவள் ஆர்லிஸ் டிரைலிங். போரில் காலை இழந்தவனுக்கு ஓய்வூதியம் நின்றுபோனாலும் சரி, கிழவிக்கு மருத்துவ அட்டை வந்து சேராவிட்டாலும் சரி, எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "எம்.பி. பாத்துக்குவாரு, கவலைப்படாதீங்க" என்பாள். பார்த்துக்கொண்டது பெரும்பாலும் அவள்தான். பெயர் அவருக்குப் போகும். அதில் அவளுக்குக் குறை எதுவும் இல்லை.

டிட்வெல் மேடை ஏறினால் மூன்று விரல்களை நீட்டுவார்.

"ஒண்ணு, நாட்டுக்குக் காவல். ரெண்டு, வரவுக்குள்ள செலவு. மூணு, உழைக்கிறவன் கழுத்துமேல இருந்து சர்க்கார் கையை எடுக்கணும்."

கூட்டம் மூன்றாவது விரலுக்குத்தான் அதிகமாகக் கைதட்டும். ஆர்லிஸும் தட்டுவாள், சம்பளத்துக்காக அல்ல. சாக்கடைக் குழாயின் அகலம் விதிப்படி இல்லையென்று ஓர் அதிகாரி எழுதிவைத்துவிட்டுப் போனதில் அவளுடைய அப்பாவின் பால் பண்ணை மூடிப்போனது. அப்பா அதற்குப் பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவளுக்கு அப்போது பதினேழு வயது.

அதனால்தான், இருபத்தைந்து பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் தானியக் கிடங்குகளைச் சோதனையிட மத்திய அரசு ஒரு டாலர்கூடச் செலவழிக்கக் கூடாது என்ற ஒற்றை வரியை டிட்வெல் ஒரு மசோதாவில் நுழைத்து வென்றபோது, பத்திரிகைகளுக்கான செய்தியைத் தட்டச்சு செய்துவிட்டு, அலுவலகத்துக்கு செர்ரிப் பழம் வைத்த 'பை' பலகாரம் ஒன்றும் சுட்டு எடுத்துவந்தாள் ஆர்லிஸ். இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒரே கல்லில் விழுந்த இரண்டு மாங்காய் என்று அவளே எல்லாரிடமும் சொன்னாள்.

அப்படிப்பட்ட கிடங்குகளில் ஒன்றுதான் ஷோன்ஃபெல்ட் கூட்டுறவுச் சங்கத்தின் கோதுமைக் கிடங்கு. அங்கே பதினோரு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி லேலண்ட்.

அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பியும் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்கு வருவான். முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்ட ரொட்டி ஆறு தின்பான். ஏழாவதைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்வான்.

"என்னக்கா, உங்க எம்.பி. இந்த வாரம் யாரு கழுத்துல இருந்து கையை எடுத்தாரு?"

"வாயை மூடிட்டுச் சாப்பிடுடா."

அவ்வளவுதான் அவர்களுடைய அரசியல் பேச்சு.

அறுவடையின் இரண்டாவது வாரம், ஜூலை மாதம், பிற்பகல் மூன்று மணி. ஆர்லிஸ் ஒரு விதவையிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அலுவலகக் கண்ணாடிகள் அதிர்ந்தன. இடி என்றுதான் நினைத்தாள், ஆனால் வானம் வெறிச்சென்று நீலமாக இருந்தது. தெருவுக்கு வந்து பார்த்தபோது கிடங்கில் கோதுமை கொட்டிவைக்கும் மேற்குக் கோபுரத்துக்குத் தலை இல்லை. கோதுமைத் தூசி காற்றில் கலந்து நிற்கும்போது ஒரு பொறி விழுந்தால் போதும், வெடிமருந்து தோற்றுவிடும். லேலண்டும் அவனோடு மேல்தளத்தில் இருந்த எஃப்ரைன் ஒலிவாஸும் போய்விட்டார்கள்.

டிட்வெல் மறுநாளே விமானத்தில் வந்தார். சவப்பெட்டியைத் தோள்கொடுத்துத் தூக்கினார். கல்லறையில் அழுதார். அந்த அழுகை பொய்யில்லை என்று ஆர்லிஸ் இன்றும் சொல்கிறாள். பொய்யாக இருந்திருந்தால் அவரை இன்னும் சுலபமாக வெறுத்திருக்கலாம் என்றும் சொல்கிறாள்.

மூன்று வாரம் கழித்து விவசாயிகள் மாநாடு ஒன்றில் அவர் பேசியதை அவள் சமையலறை ரேடியோவில் கேட்டாள்.

"லேலண்ட் டிரைலிங் என் நண்பன். வாஷிங்டன்காரங்க அவன் சாவை வச்சு இன்னும் நாலு விதி போடலாம்னு பாக்கறாங்க. அவன் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'என் தரையை எப்படிக் கூட்டணும்னு வாஷிங்டன் எனக்குச் சொல்லித்தர வேணாம் சார்'னு சொன்னான்."

கைதட்டல் ரேடியோவைப் பிய்த்துக்கொண்டு வந்தது. தேர்தல் சமயத்தில் இரண்டு தடவை கைகுலுக்கியதைத் தவிர லேலண்ட் அந்த மனிதரோடு பேசியதே இல்லை. ஆர்லிஸுக்கு அது தெரியும். அவர் யார் யாரைச் சந்திக்கிறார் என்ற நாள்குறிப்பை எழுதுபவளே அவள்தான்.

அந்தச் சனிக்கிழமை தம்பியின் வீட்டை ஒழிக்கப் போனாள். மேசை இழுப்பறையில் இரண்டு காகிதங்கள் ஊசி குத்தி இருந்தன. ஒன்று, மார்ச் மாதம் லேலண்ட் எழுதிய கடிதத்தின் நகல்.

"எம்.பி. அவர்களுக்கு. எங்கள் கிடங்கில் மேல்தளத்தில் தூசி கணுக்கால் அளவு கிடக்கிறது. தானியம் ஏற்றும் பெல்ட்டின் பேரிங் சூடேறுகிறது, கை வைக்க முடியவில்லை. தூசி உறிஞ்சும் இயந்திரம் பழுதாகி இரண்டு வருடம் ஆகிறது. மேனேஜரிடம் சொல்லிப் பார்த்துவிட்டோம். சோதனைக்கு ஆள் அனுப்பச் சொன்னால், உங்கள் சட்டத்தால் வர முடியாது என்கிறார்கள். நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்."

மற்றது பதில். "உங்கள் கருத்தைத் தெரிவித்தமைக்கு நன்றி. சிறு தொழில்களைத் தேவையற்ற கட்டுப்பாடுகளிலிருந்து காப்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்." கீழே இயந்திரம் போட்ட டிட்வெல்லின் கையெழுத்து. அதற்கும் கீழே, மூலையில், அனுப்பியவரின் முதலெழுத்துகள்: ஆ.டி.

ஒரே நாளில் அறுபது கடிதங்களுக்கு ஒரே பதிலை அனுப்புவாள் அவள். உறையைக் கிழித்து, "கட்டுப்பாடு" என்ற சொல் கண்ணில் பட்டதும் அந்த வகைக் கடிதக் கட்டோடு சேர்த்திருப்பாள். அடியில் இருந்த பெயரைக்கூடப் பார்க்கவில்லை. அவனோ பதிலைப் படித்தான், மூலையில் அக்காவின் எழுத்தைப் பார்த்தான், பார்த்துவிட்டு நான்கு மாதம் ஞாயிறுதோறும் அவள் மேசையில் உட்கார்ந்து ஆறு ரொட்டி தின்றான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை இடத்தில் அக்காவுக்குச் சங்கடம் வரக்கூடாதென்று நினைத்தானோ, மனம் விட்டுப்போயிற்றோ, யாருக்குத் தெரியும்?

ஆர்லிஸ் அந்த வீட்டின் தரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது அழுகை வரவில்லை. பல்லைக் கடித்து வைத்ததில் தாடை வலித்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டிட்வெல் அலுவலகத்தில் இருந்தார்.

"சார், லேலண்ட் உங்ககிட்ட எப்போ அப்படிச் சொன்னான்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர்லிஸ், அவனை மாதிரி உழைப்பாளிங்க எல்லாரும் அதைத்தான்மா சொல்றாங்க. அவன் மனசுல இருந்ததைத்தான் நான் சொன்னேன்."

அவள் இரண்டு காகிதங்களையும் மேசையில் வைத்தாள். அவர் படித்தார். முகம் வெளுத்தது. ஆனால் மூன்று விரல் நீட்டிப் பழகிய மனிதர், சீக்கிரமே நிதானத்துக்கு வந்துவிட்டார்.

"இது என் கைக்கு வரவே இல்லை. வந்திருந்தா மேனேஜருக்கு நானே ஃபோன் போட்டிருப்பேன். ஆனா சட்டத்துல நான் எழுதின அந்த வரியை எடுக்கச் சொல்லாதே. எடுத்தா என்ன ஆகும்? ஏற்கெனவே மூச்சு வாங்கற கிடங்கு மூடிடும். தொண்ணூறு விவசாயி நாப்பது மைல் லாரி ஓட்டிட்டுப் போகணும். உங்க அப்பா பண்ணையை மறந்துட்டியா?"

அந்த வாதத்தில் பாதியை அவள் அப்போதும் நம்பினாள். அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"மறக்கல சார். அப்பா பண்ணை மூடினப்ப யாரும் வெடிச்சுச் சாகல. அந்த வரி இருக்கட்டும். மேடையில அவன் பேரைச் சொல்றதையாவது நிறுத்துங்க."

"அது நல்லாப் போய்ச் சேருதும்மா. அவனுக்கும் அது ஒரு மரியாதைதானே."

அலுவலகச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

எங்கள் பக்கத்தில் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. ஆகஸ்டில் கட்சிக்குள் நடக்கும் போட்டியில் ஜெயிப்பவன்தான் எம்.பி. அடுத்த ஆகஸ்டில் டிட்வெல்லை எதிர்த்து விதை வியாபாரி பிரெட் ஹாஃப்ஸ்டெட்டர் நின்றான். கொள்கையில் அவன் டிட்வெல்லைவிட இன்னும் வலது பக்கம். டிட்வெல் ஒரு பட்ஜெட்டுக்கு ஓட்டுப்போட்டுவிட்டார், நாட்டின் பணம் கரைகிறது என்பது அவன் சண்டை. அவனுடைய ஆள் ஒருவன் ஆர்லிஸைத் தேடி வந்தான்.

"அக்கா, பத்தொன்பது வருஷம் கூட இருந்திருக்கீங்க. அவரு குடி, மகன் மேல இருந்த கேஸ்... ஏதாவது எடுத்துக் குடுங்க."

இரண்டும் அவளுக்குத் தெரியும், தேதியோடு.

"தர மாட்டேன். அதுல விழுந்தா, குடியால விழுந்தேன்னு ஆறுதல் சொல்லிக்குவாரு. எதுக்கு விழுந்தோம்னு அவருக்குத் தெரியணும்."

அன்றிலிருந்து அவள் தொலைபேசியை எடுத்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் யார் யாருக்கு என்ன செய்து கொடுத்தாள் என்பது அவள் தலைக்குள் இருந்தது. ஒரு நாளைக்கு முப்பது பேர். முதலில் கடிதத்தைப் படித்துக் காட்டுவாள், பிறகு பதிலை, பிறகு "அதை அனுப்பினது நான்தான்" என்பாள். தன் வெட்கத்தை ஒளிக்கவில்லை. ஒளித்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

போரில் கையிழந்த ஓட்டோ வாஸிங்கர் தயங்கினான். "எனக்குப் பென்ஷன் வாங்கிக் குடுத்தவரு அவரு, ஆர்லிஸ். நன்றின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பதினாலு மாசம் அந்த ஆபீஸ்களோட மல்லுக்கட்டினது யாரு ஓட்டோ? உன் பேரையாவது அவரைச் சொல்லச் சொல்லு பாப்போம்."

அவன் யோசிக்க அவள் நேரம் கொடுக்கவில்லை.

"நன்றி இருந்தா அதை வீடு மாத்திக் குடுக்காதே," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அது கையைப் பிடித்து முறுக்குவதுதான். நியாயமா என்று அவள் யோசிக்கவில்லை. தேவாலயத்தில் பக்கத்தில் உட்காரும் லொரேன் இடம் மாறி உட்கார்ந்தாள். "தம்பி பிணத்தை வச்சு அரசியல் பண்றா" என்று காதுபடவே பேசினார்கள். "அதை ஆரம்பிச்சு வச்சவரைக் கேளுங்க" என்பாள்.

ஜூலையில், முன்னாள் ராணுவத்தினர் மண்டபத்தில் டிட்வெல் மக்களைச் சந்தித்தார். முந்நூறு பேர். முதல் விரலிலிருந்து தொடங்கினார். எல்லை, ஏவுகணை, நம் மாவட்டத்துக்குத் தான் கொண்டுவந்த ராடார் நிலையம். தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நாடு கோதுமை விளைவித்து என்ன பயன் என்று கேட்டார். நன்றாகத்தான் பேசினார். மூன்றாவது விரலுக்கு வந்து லேலண்டின் பெயரைச் சொன்னபோது மூன்றாவது வரிசையில் ஆர்லிஸ் எழுந்தாள்.

"ராய்ஸ்."

பத்தொன்பது வருடத்தில் அவரை அவள் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை.

"வானத்துல வர்ற ஏவுகணையைப் பாக்க ராடார் வச்சீங்க. சரி, நானும் கைதட்டினேன். கிடங்கு மாடியில ஒரு டார்ச் லைட்டை அடிச்சுப் பாக்க ஒரு ஆளுக்கு மட்டும் காசு குடுக்கக் கூடாதுன்னு எழுதினீங்க. அதுக்கும் நான்தான் செர்ரி பை சுட்டுக் கொண்டாந்தேன். இப்ப என் தம்பி உங்ககிட்ட என்ன சொன்னான்னு நான் படிக்கட்டுமா, நீங்களே படிக்கிறீங்களா?"

"ஆர்லிஸ், இது அதுக்கான இடமில்லை..."

"அவன் பேரைச் சொல்ல இது இடமா இருந்துச்சே?"

அவளே படித்தாள். "பேரிங் சூடேறுகிறது, கை வைக்க முடியவில்லை" என்ற இடத்தில் பின்வரிசையிலிருந்து எஃப்ரைனின் மனைவி மரிசெலா எழுந்து நின்றாள். ஒவ்வொருவராக இன்னும் பலர் எழுந்தார்கள். ஓட்டோ எழுந்தான். டிட்வெல் நீட்டிய விரல்களை மடக்க மறந்து நின்றார்.

ஆகஸ்டில் எண்ணூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஷோன்ஃபெல்டில் மட்டும் போன தடவையைவிட ஆயிரத்துக்கு மேல் குறைந்திருந்தது. செய்தி வந்தபோது ஆர்லிஸ் வெள்ளரிக்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்ததற்காக இன்றுவரை அவள் பாவமன்னிப்புக் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை அவரே அவள் வீட்டுக்கு வந்தார். கழுத்து சட்டைக் காலருக்குள் மெலிந்திருந்தது. அவள் வலைக்கதவைத் திறக்கவில்லை.

"அந்தப் பதிலை அனுப்பினது நீ, ஆர்லிஸ். நான் இல்லை. என்னை மட்டும் ஏன்?"

"என் தண்டனையை நான் அனுபவிச்சுட்டுத்தான் இருக்கேன், தினமும். உங்களோடதை நீங்க அனுபவிங்க."

"ஹாஃப்ஸ்டெட்டர் அந்த வரியைத் தொட மாட்டான். உனக்குத் தெரியும்ல? நானாவது ஒருநாள் மனசு மாறியிருப்பேன்."

"ஒரு வருஷம் டைம் குடுத்தேனே. பேரைக்கூட விடல நீங்க."

"மன்னிச்சிடும்மா."

"முடியாது" என்றாள். அவர் படியிறங்கிக் காரை எட்டும்வரை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

அவர் சொன்னது பலித்தது. ஹாஃப்ஸ்டெட்டர் அந்த வரியைத் தொடவில்லை. ஆனால் பிப்ரவரியில் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில், யாரும் கட்டாயப்படுத்தாமல், ஓட்டோ எழுந்து தூசி உறிஞ்சும் இயந்திரம் புதிதாக வாங்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தான். ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஆர்லிஸும் கை தூக்கினாள். மற்றவர்கள் கைதட்டியபோது மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இப்போது பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறாள்.

டிட்வெல் விச்சிட்டா நகரத்துக்குக் குடிபோனார். ஊரில் அவர் வீட்டு வாசலில் "விற்பனைக்கு" என்று பலகை நட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆர்லிஸ் சுற்றுவழியாகக் காரை ஓட்டிப் போய், அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். பதினான்கு ஞாயிறு அப்படிப் போனாள். பதினைந்தாவது ஞாயிறு பலகை இல்லை. யாரோ ஒரு இளம் பெண் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், அவளைப் பார்த்துக் கையசைத்தாள். ஆர்லிஸும் கையசைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.